பதினொரு நிமிடப் புலம்பல்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. பஸ் வர ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். சாப்பிடும்போதும் மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். "காலை ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். இப்படிப்பட்ட நான்தான், மாத்தளை மாவட்டத்திலேயே மிக மெதுவாக வாசித்த பேண்டில் பேஸ் கிற்றார் வாசித்தேன். பாடியதும் நான்தான்.

நாங்கள் மூன்று பேர். லீட் கிற்றார் வாசித்தவன் வஹகோட்டைக்காரன், சிங்களக் கத்தோலிக்கன். ட்ரம் அடித்தவன் லக்கலயிலிருந்து வந்து மாத்தளை டவுனில் டயர் கடையொன்றில் வேலை செய்தவன். நான் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டு ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது நிமிடம் போகும். ட்ரம்மில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஒரு மனுஷன் தும்மி, மூக்கையும் துடைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் என்னால் இருக்க முடியாது. விரல் முந்திக்கொண்டு அடுத்த சுரத்துக்குப் போய்விடும். ட்ரம்காரன் குச்சியால் என் முதுகில் குத்துவான். "இன்னும் கொஞ்சம் ஓடினா இது கல்யாண வீட்டுப் பாட்டாயிரும்" என்பான்.

நாங்கள் இவ்வளவு மெதுவாக வாசிக்கத் தொடங்கியது ஒரு பிழையால்தான். வஹகோட்டைக்காரனின் மாமா ஒருவர் இத்தாலியில் வேலை செய்தார். அவர் லீவில் வந்தபோது ஹெவி மெட்டல் கசெட் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் இருந்தது ஒரு பழைய ரெக்கோடர். உள்ளே ஓடும் பெல்ட் இழுபட்டுத் தளர்ந்துபோயிருந்தது எங்களுக்குத் தெரியாது. கசெட் மெதுவாக, தள்ளாடித் தள்ளாடித்தான் சுற்றியது. நாங்கள் அதைக் கேட்டே ஒரு வருடம் பாட்டுகளைப் படித்தோம். சுருதி சேரவில்லை என்று கம்பிகளை எல்லாம் தளர்த்தி, ரெக்கோடரில் கேட்ட அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பொருத்தமாக்கினோம். பாடியவன் ஒரு கிழட்டு ராட்சதன் என்றே நினைத்திருந்தோம்.

பிறகு ஒரு நாள் கண்டியில் சீடி கடையொன்றில் அதே பாட்டைக் கேட்டோம். போட்டி போட்டு ஓடும் தனியார் பஸ் போலப் பறந்தது. பாடியவன் எங்கள் வயசுப் பையன். "இந்த சீடி பழுது" என்று வஹகோட்டைக்காரன் கடைக்காரரிடம் சொன்னான். அவர் வேறொன்றைப் போட்டுக் காட்டினார். அதுவும் பறந்தது. மெஷின்தான் பழுது என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். கடையில் நின்ற ஒருவர், தலைமுடி வளர்த்தவர், நாங்கள் எப்படி வாசிக்கிறோம் என்று கேட்டார். வாயாலேயே வாசித்துக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. இப்படி மெதுவாக, கம்பி தளர்த்தி, சாவையும் பயத்தையும் பாடுகிற ஒரு வகை இருக்கிறது, அதற்கு டூம் மெட்டல் என்று பெயர் என்றார். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் மாத்தளை வரும்வரை மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தோம்.

வாசித்துப் பழகுவதற்கு இடம் பல்லேபொலவில் கிடைத்தது. வஹகோட்டைக்காரனின் பெரியப்பா மிளகு காயப்போட்டுச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்டோர். பக்கத்தில் வயல், அதற்கப்பால் தோட்டங்கள். சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லை. மிளகுத் தூசியில் பாட்டுக்கு நடுவே தும்மல் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய், மிச்ச தூரத்துக்கு த்ரீவீல் பிடித்துப் போவோம்.

யுத்த காலம், வழியில் ஒரு செக் பொயின்ட் இருந்தது. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் மற்ற இருவரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் இறக்குவார்கள். ஒரு நாள் ஆமிக்காரர் ஒருவர் கிற்றார் பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். கரண்ட் இல்லாமல் பேஸ் கிற்றாரில் சத்தம் வராது. ரோட்டோரத்தில் நின்று நான் மும்முரமாக வாசிக்க, கொசு பறப்பது போல் ஏதோ கேட்டது. "பழுதா?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஆமா" என்றேன். பாவப்பட்டு விட்டுவிட்டார். மற்ற இருவரும் ஸ்டோர் வரும்வரை சிரித்தார்கள். அன்று நான் ஒரு பாட்டையும் ஒழுங்காக வாசிக்கவில்லை.

எங்கள் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வஹகோட்டையில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் யேசுவின் பாடுகளைப் பற்றிய புலம்பல்களைப் பாடுவார்கள். சிங்களத்தில் அதற்குப் பசன் என்று பெயர். ஒரு வரியைப் பிடித்தால் மூச்சு முடியும்வரை இழுப்பார்கள். அவன் சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன். அந்த இழுவையை அப்படியே கிற்றாரில் இறக்கினான். ஆனால் பசனைத் தவக்காலத்தில் மட்டும்தான் பாடலாம். மற்ற மாதங்களில் பாடினால் வீட்டுக்குச் சாவைக் கூப்பிடுவது போல என்பது அவன் அம்மாவின் நம்பிக்கை. இவன் ஜூலை மாதத்தில் அறையில் உட்கார்ந்து வாசித்தான். அந்த அம்மா ஒரு கிழமை அவனோடு பேசவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

லக்கலக்காரனின் பாட்டு யானையைப் பற்றியது. அவன் அப்பா, காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனையில் இரவுக் காவலுக்குப் பரணில் இருப்பவர். பாட்டில் யானை என்ற சொல்லே வராது. காய்ந்த சருகில் ஒரு கால் வைக்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு கால். அவன் ட்ரம் அடிப்பதும் அப்படித்தான். "யானை ஓடி வந்தா பயம் இல்ல மச்சாங், வந்தது தெரிஞ்சிரும், நாமளும் ஓடலாம். மெதுவா வருமே, அதுதான் பயம்" என்று ஒரு நாள் சொன்னான். எங்கள் பேண்ட் எதற்காக இப்படி வாசிக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"நீ ஒன்னும் கொண்டு வரல்லியே" என்றார்கள் இருவரும். தமிழில் ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள்.

என்னிடம் ஒன்று இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். அப்பா நான் ஸ்கூல் போன காலத்திலேயே இறந்துவிட்டதால் வீடு அவன் தலையில்தான் இருந்தது. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண்ணெடுத்து, கல்யாணம் முடித்து, அண்ணியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டாயிரத்து ஆறில் ஒரு காலை கடைக்குப் போகிறேன் என்று புறப்பட்டவன் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது என்றார் ஒருவர். வேனும் இல்லை, ஒன்றும் இல்லை, தானாகத்தான் நடந்து போனான் என்றார் இன்னொருவர். மூன்று மாதம் கொழும்பிலேயே தேடிவிட்டு, அண்ணி இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அதன்பிறகு மாதம் ஒரு தடவை அண்ணியும் அம்மாவும் அவனைத் தேடித்தரச் சொல்லி ஏதாவது ஒரு ஆபீசுக்குப் போவார்கள். கடிதம் எழுதுவது அண்ணி, கொப்பி அடிப்பது நான். போகும் நாளில் அண்ணி நல்ல கலர் சேலை கட்டி, பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, தலையில் பூ வைத்துக்கொள்வார். முதல் தடவை போனபோது ஒரு கிளார்க் படிவத்தில் 'விதவை' என்று நிரப்பிவிட்டாராம். அண்ணி அந்த ஆளை அந்த இடத்திலேயே அதை வெட்டச் சொல்லி, மேலே 'திருமணமானவர்' என்று எழுதும்வரை நகரவில்லையாம். அந்தப் படிவத்தைக் கொப்பி அடித்ததும் நான்தான். வெட்டிய கோடு கொப்பியில் இன்னும் கறுப்பாக விழுந்தது.

அம்மாவும் அண்ணியும் அவனைப் பற்றிப் பேசும்போது நிகழ்காலத்தில்தான் பேசுவார்கள். அவருக்குப் புளிப்பு பிடிக்காது, அவனுக்கு இந்தக் கலர் ஆகாது என்றுதான் பேச்சு. எனக்கு அது கேட்கக் கேட்க உடம்பெல்லாம் எரியும். எழுந்து வெளியே போய்விடுவேன். ஏனென்றால் அவன் உயிரோடு இல்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். எந்தத் தகவலும் வரவில்லை. காத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பாட்டில் எழுதினேன்.

தோட்டத்துச் சாவு வீடுகளில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அதன் போக்கு தெரியும். ஒரு பெண்சாதி பாடுவதாக எழுதினேன். வஹகோட்டைக்காரனின் பசன் மெட்டில் அது அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

கடைக்குப் போன ராசா
கதவு தொறந்து கெடக்குதய்யா
பொட்டழிச்சேன் பூ எடுத்தேன்
பூமியெல்லாம் கேக்குதய்யா

புருஷனுக்காக வைக்கும் எந்த ஒப்பாரியிலும் பொட்டும் பூவும் வரும். அதனால் போட்டேன். யாருடைய பொட்டு என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு மெட்டு பொருந்திய குஷிதான் பெரிதாக இருந்தது.

மிளகு ஸ்டோரில் அதை வாசித்தோம். பதினொரு நிமிடம் போனது. முதல் தடவையாக நான் ஓடவில்லை. இடைவெளிகளில் அப்படியே நின்றேன், கால் ஆடவில்லை. வாசித்து முடித்ததும் அர்த்தம் கேட்டார்கள். சிங்களத்தில் சொன்னேன். ட்ரம்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணாட தகவல் வந்திச்சா மச்சாங்?" என்றான்.

"இல்ல."

"அப்ப எப்பிடி இது?"

"பாட்டுத்தானேடா" என்றேன்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. டவுனில் டியூஷன் வகுப்பு நடக்கும் ஒரு மண்டபத்தில், இரண்டு கிழமையில் எங்கள் முதல் நிகழ்ச்சி. இந்தப் பாட்டைக் கடைசியில் வைப்பது என்று முடிவானது.

ஒரு வியாழக்கிழமை. அம்மாவும் அண்ணியும் கண்டியில் ஒரு ஆபீசுக்குப் புறப்பட்டுப் போனார்கள். எங்கள் கடை முதலாளி வீட்டில் கல்யாணம், அதனால் கடை பூட்டு. வீடு எனக்கே எனக்கு என்று இருந்தது. எங்கள் வீடு டவுன் ஓரத்தில் ஒரு சின்ன ஒழுங்கையில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டில் மிளகாய் வதக்கினால் நாங்கள் இருமுவோம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, பெட்டரியில் ஓடும் சின்ன அம்ப்ளிபயரில் ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டிக்கொண்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பாடினேன்.

ஹெட்போன் போட்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. என் காதில் பேஸ் இடி மாதிரி விழுந்தது. அதற்கு மேலே எழ வேண்டும் என்று நான் தொண்டை கிழியப் பாடினேன். ஒழுங்கைக்குக் கிற்றார் கேட்கவில்லை. ஒரு ஆண்பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்து ஒப்பாரி வைப்பதுதான் கேட்டது. வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. தட்டத் தட்டத் திறக்காமல் அழுகிறான் என்றால் வேறென்ன நினைப்பார்கள். அந்தப் பாட்டை நான் ஆறு தடவை பாடினேன்.

தண்ணீர் குடிக்க வேண்டும் போல் இருந்ததால் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் முப்பது பேராவது நின்றார்கள். ஒழுங்கையின் இரு பக்கத்திலும் கயிறு கட்டி வெள்ளைக் கொடி ஏற்றியிருந்தார்கள். சாவு வீடுகளுக்கு உதவும் மரணாதார சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகள் இரண்டு வரிசையாகப் போட்டாகிவிட்டது. எனக்கு முதலில் பக்கத்து வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் பட்டது. பக்கத்து வீட்டு மாமி என்னைக் கட்டிப்பிடித்தபோதுதான் விஷயம் விளங்கியது.

"எப்ப தம்பி தகவல் வந்திச்சு? பிரேதத்த எப்ப குடுப்பாங்களாம்?" என்றார் சங்கத்துக்காரர்.

"இல்ல மாமா, அது வந்து..." என்று நான் தொடங்க, மாமி என் முகத்தைத் தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதார். என் வாய் அவர் சேலைக்குள் போய்விட்டது. நான் பிய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஒழுங்கையின் முனையில் அம்மாவும் அண்ணியும் பஸ்ஸால் இறங்கி வருவது தெரிந்தது. அண்ணியின் கையில் பைலும் பேக்கரியில் வாங்கிய ரோஸ் பாண் பொதியும் இருந்தன. அம்மா முழங்கால் வலியோடு பின்னால் வந்தார்.

முதல் வெள்ளைக் கொடியின் கீழே அண்ணி நின்றார். அடுத்த கொடியைப் பார்த்தார். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து வந்து, எங்கள் வாசலில் என்னைப் பார்த்தார். அதற்குள் பெண்கள் அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். அம்மா அந்த இடத்திலேயே சரிந்தார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"யாரு சொன்னா? எம்புள்ளய யாரு பாத்தா?" அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பிறகு கண் செருகிவிட்டது. யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். முகத்தில் அடித்து, தலையை மடியில் வைத்து, அவருக்கு நினைவு திரும்பும்வரை நான் அந்தத் தரையில்தான் இருந்தேன். கண் திறந்ததும் காதோடு சொன்னேன்.

"அம்மா, தகவல் ஒன்னும் வரல்ல. நான்தான் பாடினேன். பேண்டுக்கு ஒரு பாட்டு. அது கேட்டு இவங்க பிழையா நினைச்சிட்டாங்க."

அம்மாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் படுத்திருந்தபடியே என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை. அறைந்த கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "உசிரோட இருக்கான், எம்புள்ள உசிரோட இருக்கான்" என்று சிரிக்கத் தொடங்கினார். தகவல் இல்லை என்றுதான் நான் சொன்னேன். அம்மாவுக்கு அது அவன் உயிரோடு இருக்கிற தகவலாகிவிட்டது.

நான் எழுந்து அண்ணியைத் தேடினேன். முதல் வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பைல் மடியில் இருந்தது. பாண் பொதியை யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழ, அவர் மட்டும் அழவில்லை. வயதான ஒரு அம்மா அவர் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை உருவி எடுத்தார். அண்ணி தடுக்கவில்லை. எடுப்பதற்கு வசதியாகத் தலையைக் கொஞ்சம் குனிந்தே கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டின் மூன்றாவது வரி ஞாபகம் வந்தது.

"அண்ணி, இதெல்லாம் பொய். தகவல் ஒன்னும் வரல்ல. நான் பாட்டுப் பாடினேன், அதக் கேட்டு..." என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். "அப்படியா" என்றார். எழுந்து, பைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சேலை மாற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு ஆளிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். சிலர் ஏசினார்கள். சிலர் சிரித்தார்கள். கொடி கட்டிய ஆள் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தார். "அப்ப கூடாரம் வேணாமா தம்பி?" என்று சங்கத்துக்காரர் உண்மையாகவே கேட்டார். பின்னேரம் ரத்தோட்டையிலிருந்து அண்ணியின் சின்னம்மா பஸ்ஸால் இறங்கி, தலைவிரி கோலமாக அழுதுகொண்டே ஓடி வந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அம்மா அன்றிலிருந்து முன்னைவிடத் தெம்பாகிவிட்டார். சாவே வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது, இனிக் கண்டம் கழிந்தது என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னார். அண்ணி என்னோடு பேசவில்லை. சோறு போடுவார், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் கடையிலும் நிற்க முடியாமல், வீட்டிலும் இருக்க முடியாமல், வேலை முடிந்ததும் டவுனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நிகழ்ச்சியில் பாடமாட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன். வஹகோட்டைக்காரன் கோபிப்பான் என்று நினைத்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கம்மா சொன்னதுக்கு நாம சிரிச்சோம்" என்றான். பாட்டை வார்த்தையில்லாமல் வாசிப்பதாக முடிவு செய்தோம். டியூஷன் மண்டபத்தில் ஐம்பது, அறுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் யானைப் பாட்டு முடியும் முன்பே எழுந்து போனார்கள். கடைசிப் பாட்டின் பதினொரு நிமிடமும் நான் மைக் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கைதட்டினார்கள். எனக்கு எப்போது முடியும் என்றிருந்தது.

அடுத்த மாதம் அண்ணி கடைக்கு வந்தார். மத்தியான நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. வழக்கம்போலக் கடிதத்தைக் கொப்பி அடிக்கக் கொடுத்தார். நல்ல சேலை, தலையில் பூ, பெரிய பொட்டு. நான் கடிதத்தை வாங்கி மெஷினில் வைத்தேன். அப்போது அண்ணி பேசினார்.

"தம்பி, உங்க மேல எனக்குக் கோவம். அது உங்களுக்குத் தெரியும்."

"பாடினது பிழைதான் அண்ணி. இனிப் பாட மாட்டேன்."

"பாடினதுக்குக் கோவம் இல்ல" என்றார். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு அந்தக் கதிரையில உக்காந்தேன்ல. எனக்கு அழுகையே வரல்ல. அப்பாடா, முடிஞ்சிச்சுன்னு இருந்திச்சு. இனி எங்கயும் போக வேணாம், ஒருத்தன்கிட்டயும் நின்னு கேக்க வேணாம், செத்துட்டாரு, அழுதுட்டு இருக்கலாம்னு நினைச்சேன். பூவ எடுத்தாங்க, எடுக்கட்டும்னு இருந்தேன். ரெண்டு வருசத்துல அந்தப் பத்து நிமிசம்தான் தம்பி நான் நிம்மதியா இருந்தேன்."

நான் மெஷினின் மூடியைப் பிடித்தபடி நின்றேன்.

"அப்பதான் நீங்க வந்து இல்லைன்னு சொன்னீங்க. கோவம் அதுக்குத்தான்."

நான் விரும்பியதைத்தான் அந்தப் பத்து நிமிடம் அவரும் விரும்பியிருக்கிறார். நான் அதைப் பாட்டாக்கிவிட்டுப் போய்விட்டேன். அவர் திரும்பவும் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்றார்.

"இல்ல அண்ணி."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பொட்டில் படாமல் துடைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக, முதல் கொப்பி சூடாக வெளியே வந்தது. அண்ணியின் குண்டு குண்டான எழுத்து. மேலே தேதி, கீழே முதல் வரி: எனது கணவர் உயிருடன் இருக்கிறார் என நான் உறுதியாக நம்புகிறேன்.

"எத்தனை அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆறு எடுங்க" என்றார்.